கத்தரிப்பூ நிற முட்டை

குணசீலம் தாண்டியாயிற்று, அண்ணன் இன்னும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். வேனில் ஏறியதிலிருந்து தவமணிக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய பிடரி மட்டும்தான். நேற்று முடிவெட்டிக்கொண்டிருக்கிறான், மெஷின் போட்ட இடம் வெளுத்துக் கிடந்தது. விசேஷத்துக்கு முடிவெட்டிக்கொண்டு வந்தவன் மடி கொடுக்காமலா போவான் என்று ஒரு மனசு சொன்னது. முடிவெட்டுவது வேறு, மடி கொடுப்பது வேறு என்று இன்னொரு மனசு உடனே அதன் வாயை அடைத்தது. அவள் மடியில் அல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வயசு முடிந்த உடம்புக்கு இத்தனை கனம் எங்கிருந்துதான் வருமோ, டோல்கேட்டிலேயே இடது தொடை மரத்துப்போய்விட்டது. மாற்றிப் போட்டால் விழிப்பாள், விழித்தால் அழுவாள், அழுதால் பக்கத்தில் இருக்கும் மாமியார் ராஜாமணியம்மாள் கையை நீட்டுவாள், நீட்டினால் கொடுக்க வேண்டும். இன்றைக்கு யாரிடமும் கொடுக்கிற மனநிலையில் அவள் இல்லை. மரத்துப் போகட்டும். பின்சீட்டில் அவள் புருஷன் தண்டபாணி புளிசோற்று அண்டா சாய்ந்துவிடாமல் இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, சித்தப்பா மகன்களோடு வாழைத்தார் விலை பேசிக்கொண்டு வந்தான். அவனுக்கென்ன, சொந்த ஊர்க் காற்று பட்டதும் எல்லாம் மறந்துபோகும். தொட்டியத்துக்கு அந்தப் பக்கம் பச்சையம்மன் கோயில், அவன் வீட்டுக் குலதெய்வம், அங்கே இன்றைக்கு அல்லிக்குக் காது குத்து. குத்துகிறவர் ஆசாரி. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். கூடப்பிறந்தவன் இல்லாதவள்கூட ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி யாரையாவது பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாவது உட்கார வைப்பாள், மாமன் மடி இல்லாமல் இந்தப் பக்கத்தில் யாருக்கும் காது குத்தியதில்லை. தவமணிக்குக் கூடப்பிறந்தவன் இருக்கிறான், முன்சீட்டில், பிடரியோடு. "அப்ப நான் யாருக்கு மாமன்?" என்று போன வாரம் கேட்டவன்.

நியாயமான கேள்விதான் என்று முதலில் அவளுக்கே தோன்றிவிட்டது, அதுதான் எரிச்சல். யாராவது துருவித் துருவிக் கேட்டு மாட்டிக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. அவளாகத்தான் அண்ணனுடைய டைல்ஸ் கடைக்குப் போனாள், அவளாகத்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், அவளாகத்தான் வாயைத் திறந்தாள். நமக்குள்ளேயே இருக்கட்டும், எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும் என்று தண்டபாணி சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தான், அவளும் சரி என்றுதான் இருந்தாள். எல்லாம் சமயபுரத்து மொட்டையால் வந்த வினை. அன்றைக்கும் இதே அண்ணன் மடிதான். கத்தி பட்டதும் அல்லி வீறிட்டாள், முடி சுருள் சுருளாக அவனுடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது. அதில் ஒரு சுருளை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, "பாத்தியா தவம், நம்மம்மா சுருட்டை! அச்சு அசல் நம்மம்மா!" என்று கோயிலுக்கே கேட்கிற மாதிரி சிரித்தான். செத்துப்போன அம்மாவை மறுபடி பார்த்துவிட்டவனின் சிரிப்பு. தவமணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, குயில் முட்டைமேல் காகம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும் என்று தோன்றியது அவளுக்கு. தன்னுடையதென்று நம்பிக்கொண்டு, சூடு கொடுத்துக்கொண்டு, பெருமைப்பட்டுக்கொண்டு. வேறு எவளாக இருந்தாலும் அந்தச் சிரிப்பை அப்படியே விட்டிருப்பாள், அண்ணனுக்குச் சந்தோஷம், பிள்ளைக்கு மாமன், யாருக்கு என்ன நஷ்டம். காவிரிக் கரை மரங்களில் ஏறி, காக்கைக் கூட்டுக்குள் குயில் முட்டையை எட்டி எட்டிப் பார்த்தே டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கு, இன்றைக்கும் பெண்கள் கல்லூரியில் அதையே பாடமாக நடத்திப் பிழைக்கிறவளுக்குத்தான் இந்தக் கிறுக்குப் பிடிக்கும். என் அண்ணனை நான் காக்கையாக்க மாட்டேன், தெரிந்து கொடுக்கிற மடிதான் மடி என்று கிளம்பிவிட்டாள். "அண்ணே, அல்லி என் முட்டை இல்லண்ணே. எனக்கு முட்டை இல்லன்னுட்டாங்க. இன்னொரு பொண்ணு குடுத்தத வச்சுத்தான் நான் பெத்தேன்" என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த சாம்பிள் டைலைப் பார்த்தான். "மாப்ளைக்குத் தெரியுமா?" "தெரியாம எப்படிண்ணே?" "அவங்கம்மாவுக்கு?" "தெரியாது." டைலில் இல்லாத அழுக்கை ஒன்றைப் பெருவிரலால் வெகுநேரம் துடைத்தான். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். கேட்டவன் மதியழகன், சின்ன வயசிலிருந்து அவள் கேட்டு எதையும் இல்லை என்று சொல்லாதவன், அவள் மரம் ஏறும்போதெல்லாம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். வேறு யார் கேட்டிருந்தாலும் நாலு வார்த்தை சூடாகக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள். அவன் கேட்டான், டீ வந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

இடது பக்கம் வாழைத்தோட்டம் ஓடியது, தோட்டம் விட்டால் ஆறு, ஆற்றில் மணல்தான் அதிகம். ராஜாமணியம்மாள் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு சின்னக் கோயிலையும் கடந்து வந்தாள். முட்டை. அந்த வார்த்தையை வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள் தவமணி, அளந்திருக்கிறாள், எடை போட்டிருக்கிறாள், கீறல் விழாமல் பஞ்சில் வைத்திருக்கிறாள், கடைசியில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்து, "உங்களுக்கு முட்டை தீந்து போச்சும்மா" என்று மளிகைக்கடைக்காரர் மாதிரி சொன்னாள். சிரிப்பு வந்தது அன்றைக்கு, சிரிக்கவும் செய்தாள், டாக்டரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் ஒரு சின்ன அறை, அதில் இன்னொரு பெண், புடவைக் கடையில் கேட்கிற மாதிரி கேட்டாள், "என்ன நிறம் பார்க்கலாம் மேடம்? மாநிறமா, கொஞ்சம் செவப்பா? உங்க முகச்சாடைக்குப் பொருத்தமாத் தேடுவோம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது." யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த இடத்தில்தான் தவமணிக்கு முதன்முதலாகக் குயில் ஞாபகம் வந்தது. பச்சை ஓட்டில் பழுப்புப் புள்ளி, காக்கை முட்டையும் அப்படி, குயில் முட்டையும் அப்படி, கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். பார்த்தால் தெரியாமல் இருக்கத்தான் அந்த ஒப்பனை. வேண்டாம், எந்த நிறமானாலும் சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என்னை மாதிரி" என்று சொன்னாள், "என்னை மாதிரி மாநிறம்." ஊருக்குப் பயந்தாள், அதை ஒத்துக்கொள்வதில் என்ன இருக்கிறது. அப்படியானால் அவள் யார் இந்தக் கதையில்? அடுத்தவள் முட்டைக்குச் சூடு கொடுத்தவள் என்றால் காக்கை. ஊரை ஏய்க்க நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் என்றால் குயில். அந்தப் பெயர் தெரியாத பெண்தான் குயில் என்று சொல்லிவிடலாமா? அவள் திருட்டுத்தனமாக வந்து வைத்துவிட்டுப் போனாளா என்ன. தொப்புளைச் சுற்றி ஊசி ஊசியாகப் போட்டுக்கொண்டு, மயக்க மருந்து வாங்கிக்கொண்டு, படுத்து, கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் போயிருப்பாள். குயிலுக்கு அந்த நேர்மை எங்கே இருக்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் அண்ணன் கேள்வியிலேயே போய் இடிக்கிறது, யாருக்கு மாமன், யாருக்கு மாமன் என்று வேன் டயர்கூட அதையே சொல்லிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

ஆனால் காக்கையை முட்டாள் என்று சொன்னவர்கள் யார்? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து இதே பாட்டு, புத்திசாலிக் குயில், ஏமாந்த காகம். குயிலுக்குக் குரல் நன்றாக இருக்கிறது, அதனால் அதன் பக்கம் ஊரே நிற்கிறது. அவளே எத்தனை வகுப்பில் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், வாயில் அடித்துக்கொள்ள வேண்டும். முக்கொம்பு மரங்களில் அந்த வேலையைச் செய்தாளே, பாரிஸ் சாந்தில் முட்டை செய்து, வண்ணம் பூசி, கூட்டில் வைத்து, காக்கை எதை ஒதுக்குகிறது எதை ஏற்கிறது என்று பார்க்கிற வேலை. பச்சையில் வைத்தாள், நீலத்தில் வைத்தாள், கடைசியில் கோபம் வந்து, இதையாவது தள்ளுகிறாயா பார்ப்போம் என்று கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைப் பூசி வைத்தாள். அண்ணன் கீழே நின்று, "இது என்ன தவம், ஹோலிப் பண்டிகைக்கா?" என்று கேட்டான். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தக் கத்தரிப்பூ முட்டையைச் சரியாக நடுவில் உருட்டி வைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தது காக்கை. பேராசிரியர் பார்த்துவிட்டு, 'காகத்துக்குத் தன் முட்டையின் அடையாளம் தெரிவதில்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினாள். அப்போது அவளுக்குக் குழந்தை வேண்டும் என்றே தோன்றியிராத வயசு, என்ன தெரியும். அதே காக்கை, அதே மரத்துக் காக்கை, அவளை மட்டும் மறக்கவே இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனாள், கொத்தியது. அண்ணனுடைய ஹெல்மெட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள், கொத்தியது. ஆராய்ச்சியெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, சிநேகிதிகளோடு புடவை கட்டிக்கொண்டு முக்கொம்புப் பூங்காவுக்குச் சும்மா போனபோது, அத்தனை கூட்டத்தில் அவள் மண்டையை மட்டும் தேடி வந்து கொத்திவிட்டுப் போனது. அந்தக் கண்ணுக்கா கத்தரிப்பூ நிறம் தெரியாது? தெரிந்திருக்கும். தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கும். என் கூட்டில் இருக்கிறது, என் வயிற்றுச் சூட்டில் இருக்கிறது, உனக்கென்னடி என்றுதான் அன்றைக்கு அது அவளைப் பார்த்திருக்க வேண்டும். அடையாளம் தெரியவில்லை என்று எழுதினது மனுஷத் திமிர். இதற்கு அவளிடம் அத்தாட்சி ஒன்றும் கிடையாது, கருத்தரங்கில் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு அத்தாட்சி அவளேதான். நிறம் தெரிந்து, சாடை தெரிந்து, தன்னுடையதில்லை என்று டாக்டரே சொல்லித் தெரிந்து, தெரிந்தே அடைகாத்தவள். ஏமாந்தவள் என்று எவனாவது சொல்லிப் பார்க்கட்டும்.

"எல்லாம் சரிதான், மூக்கு உன் மூக்கு, நெத்தி எங்க வீட்டு நெத்தி, இந்தக் காது மட்டும் யார் வூட்டுக் காதுன்னு எனக்குப் புடிபடவே மாட்டேங்குது" என்றாள் ராஜாமணியம்மாள், தூங்குகிற அல்லியின் காது மடலை விரலால் நிமிண்டி. கன்னத்தோடு ஒட்டின சின்னக் காது. இந்தக் காதை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், எத்தனை பஸ்ஸில் எத்தனை பெண்களின் காதைப் பார்த்திருக்கிறாள், ஒட்டின காது தெரிந்தால் உடனே முகத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்த்துவிட்டு உடனே ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்வாள். அந்தப் பெண் எங்கோ இருக்கிறாள், இதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டுகூட இருக்கலாம். பயம்தான். ஒருநாள் ஒரு கல்யாண மண்டபத்தில் எதிரில் வந்து உட்கார்ந்து, சாப்பிடுகிற அல்லியை உற்றுப் பார்த்து, எழுந்து வந்து, உன் பேர் என்னம்மா என்று கேட்டுவிடுவாளோ. கேட்டால்? கேட்டால் அல்லி பெயரைச் சொல்வாள், அம்மா பெயர் கேட்டால் தவமணி என்று சொல்வாள், வேறு யார் பெயரைச் சொல்லப் போகிறாள். முன்சீட்டுப் பிடரி கொஞ்சம் அசைந்தது, அவனுக்கும் கேட்டிருக்கிறது. இப்போது அவன் திரும்பி ஏதாவது சொல்லப் போகிறான் என்று அவள் அல்லியை இறுக்கிக்கொண்டாள். அவன் திரும்பவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். "யார் காதுங்கிறேன்?" என்றாள் மாமியார் மறுபடியும், விடுகிற ஆளா. "அவ காது அத்தை" என்றாள் தவமணி. "அது தெரியாதாக்கும்" என்று மாமியார் சிரித்தாள். தவமணி சிரிக்கவில்லை.

முசிறி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவள் ஜன்னலில் கையை நீட்டினாள், யாரும் வாங்கவில்லை, வேன் கிளம்பியது. ஓட்டுக்கு நிறம் தீட்டுவது யார்? முட்டை இடுகிறவளின் உடம்பு. ஆணுக்கு அதில் பங்கே இல்லை, ஒரே பெட்டை எந்த ஆணோடு சேர்ந்தாலும் அவள் முட்டை அவள் முட்டை மாதிரிதான் இருக்கும், கையெழுத்து மாதிரி. ஆப்பிரிக்காவில் ஒரு சின்னக் குருவி இருக்கிறது, அதுவும் அடுத்தவள் கூட்டில் இடுகிற ஜாதிதான், அதன் நிறமும் புள்ளியும் தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று பெண்வழியாக மட்டுமே போகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்றைக்கு இவள் அல்லியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். படித்துவிட்டு அழுதாள், பெண்வழி அறுந்தது என்று. அம்மா சுருட்டை, அம்மாவின் அம்மா சுருட்டை, அது தன்னோடு நின்றது என்று. அப்புறம் அழுகையின் நடுவிலேயே ஆத்திரம் வந்தது, ஆசிரியை புத்தி சும்மா இருக்குமா, வாதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியது. உள்ளே இருப்பது எவளுடையதாக இருந்தாலும் இந்தக் குழந்தையைச் சுற்றிப் பூசியது யார், இவள் ரத்தம், இவள் சுண்ணாம்புச்சத்து, இவள் பல் ஆடிப்போன அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து. இன்னொன்று. பெண் குழந்தைக்கு அதன் வாழ்நாள் முட்டை அத்தனையும் தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகிறது. அல்லியின் முட்டைகள், இன்னும் பிறக்காத பேத்திகள், அத்தனையும் தவமணியின் வயிற்றுக்குள் தவமணி தின்ற ரசச் சோற்றில் உண்டானவை. இதற்கு என்ன சொல்கிறாய் அண்ணா? அவள் மனசுக்குள் பிடரியைக் கேட்டாள். பிடரி பதில் சொல்லவில்லை. சொல்லாது. ஏனென்றால் இது வாதமில்லை, வக்கீல் வேலை, இதைவிடக் கெட்டிக்கார வக்கீல் வந்தால் அந்தப் பக்கமும் இதே அளவுக்குப் பேசுவான், ரத்தம் என்பான், வம்சம் என்பான், சுருட்டை முடி என்பான். பறவைகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டதே தப்பு. குயிலும் காக்கையும் அதனதன் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன, அவற்றுக்குக் காது குத்தும் கிடையாது, மாமனும் கிடையாது. இரவில் காய்ச்சல் வந்தால் எழுந்திருப்பவள் இவள். பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிக் கதறியவள் இவள். அல்லி தூக்கத்தில் எதற்கோ சப்புக்கொட்டினாள், எச்சில் தவமணியின் முழங்கையில் ஒழுகி சில்லென்று இறங்கியது. இதற்குச் சாட்சி வேண்டுமா. எனக்கு வேண்டாம். மடி மட்டும் வேண்டும், அண்ணன் மடி வேண்டும், ஏன் வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மா போனபிறகு அம்மா வீடு என்று மிச்சம் இருப்பது அந்த மடிதான். அதையும் இழந்துவிட்டுப் போவதற்கு அவளுக்குத் தெம்பில்லை, அதுதான் உண்மை, அதைச் சொல்வதில் வெட்கமும் இல்லை. தொட்டியம் வந்தது. வேன் மண் ரோட்டில் இறங்கிக் குலுங்கியதும் அல்லி விழித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, அழாமல் கொட்டாவி விட்டாள்.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை, வேப்பமரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை, உள்ளே பச்சை பூசின அம்மன், வெளியே மண்குதிரைகள். பொங்கல் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், தேங்காய் நல்லபடியாக இரண்டாகப் பிளந்ததில் ராஜாமணியம்மாளுக்குப் பரம திருப்தி. ஆசாரி ஜமுக்காளத்தை விரித்து, துணிப்பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் வாங்க" என்று கூப்பிட்டார். அண்ணன் வந்தான். சீர்த்தட்டைக் கொண்டுவந்து வைத்தான், பட்டுப்பாவாடை, வளையல், சிவப்புக் கல் தோடு. சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இதற்காகவா இத்தனை தூரம் பிடரியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தாள், நல்லவன், என்னைக்குமே நல்லவன். குனிந்து பிள்ளையைக் கொடுக்கப் போனாள். அப்போதுதான் அவன் அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "குடு. கவலப்படாத. மனசு ஒட்டல, ஆனாலும் ஊருக்காக உக்காந்துர்றேன். வெளிய ஒரு வார்த்த வராது."

அன்பாகத்தான் சொன்னான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னான், கண்ணில் பரிவுகூட இருந்தது. அந்தப் பரிவுதான் சுட்டது. இன்றைக்குக் காது, நாளைக்குச் சடங்கு, அப்புறம் கல்யாணத்துக்கு மாமன் மாலை, ஒவ்வொரு தடவையும் இவன் ஊருக்காக உட்கார்ந்துவிடுவான், இவள் ஒவ்வொரு தடவையும் கண்ணாலேயே கையெடுத்துக் கும்பிட வேண்டும், அல்லி வளர வளர அந்தக் கும்பிட்டுக்குக் காரணம் தேடுவாள். பிச்சை போட்ட மடி. இவ்வளவு நேரம் இது கிடைக்காமல் போய்விடுமோ என்றுதானே பயந்தாள், கிடைத்தபிறகுதான் தெரிந்தது இது அவள் கேட்ட மடி இல்லை என்று. நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அண்ணனுக்கு எதிரில், அதே ஜமுக்காளத்தில், புடவையை முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அல்லியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, என்ன பண்ற?" ராஜாமணியம்மாள் முன்னால் வந்தாள். "மாமன் உக்காந்திருக்கான், நீ எதுக்கு உக்கார்ற?"

"என் மடியிலயே குத்தட்டும் அத்தை."

"என்ன பேச்சு இது? எந்த ஊர் வழக்கம்?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தண்டபாணி கண்ணாலேயே கெஞ்சினான், வேண்டாம், வேண்டாம் என்று. தவமணி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவன்மேல் இரக்கமாக இருந்தது. அதற்காகவெல்லாம் இனிமேல் நிறுத்த முடியாது.

"அண்ணனுக்கு இது தன் மருமகதானான்னு மனசு ஒட்டலயாம் அத்தை. அவர் மேல தப்பில்ல. எனக்கு முட்டை இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வேற ஒரு பொண்ணு குடுத்துச்சு, உங்க மகனுக்கும் தெரியும். முட்டை மட்டுந்தான் அவளுது. சொமந்தது நானு, பெத்தது நானு, ஒவ்வொரு நாளும் வளக்குறது நானு. யாரும் ஊருக்காக உக்கார வேண்டாம்."

கொட்டகைக்குள் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். ராஜாமணியம்மாளின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. அண்ணன் எழுந்திருக்கவில்லை, துண்டு கட்டின மடி காலியாக விரிந்திருக்க அப்படியே உட்கார்ந்திருந்தான். "தவம்..." என்றான் கடைசியில். "அப்பறம் பேசலாம்ணே" என்றாள் அவள். தண்டபாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள். வந்தவன் குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆசாரிக்கு இன்னும் காத்திருக்கிற குடும்பங்கள் இருந்தன, அவர் சந்தனத்தைத் தொட்டு அல்லியின் காதில் பொட்டு வைத்துவிட்டுச் சொன்னார், "பெத்தவ மடியில குத்துனா, வலிக்கிற கோவம் பூரா பெத்தவ மேலதான்மா திரும்பும். அதுக்குத்தான் மாமன வெக்கிறது."

"திரும்பட்டும்" என்றாள் தவமணி. "குத்துங்க."

ஒரு காது. அல்லிக்கு என்ன நடந்தது என்று புரிய ஒரு நொடி ஆயிற்று, புரிந்ததும் முகம் கறுத்து, சத்தமே வராமல் வாய் மட்டும் பிளந்தது, அப்புறம் வந்த சத்தத்தில் வேப்பமரத்துப் பறவைகளெல்லாம் எழும்பின. இன்னொரு காது. உடம்பை வில்லாக வளைத்துத் திமிறினாள், உதைத்தாள், நிமிர்ந்து தவமணியின் முகத்தைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் கையை ஓங்கி அறைந்தாள். "வா சாமி, அப்பத்தாகிட்ட வா" என்று ராஜாமணியம்மாளின் கை தானாக நீண்டது, நீண்ட பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது, ஆனாலும் மடக்கிக்கொள்ளவில்லை. அல்லி போகவில்லை. தண்டபாணி தூக்கப் பார்த்தான், அவன் கையையும் தள்ளிவிட்டாள். இரண்டு காதிலும் ரத்தப் பொட்டோடு, மூக்கு ஒழுக, இவள்தான் வேண்டும் என்று இவள் புடவையை ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் மறுபடியும் அறைந்தாள். கன்னம் காந்தியது. தவமணி முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.

"அடி" என்றாள். "அம்மாவத்தான அடிக்கிற, நல்லா அடி."